விலை ஏறினால் நேரம் சரியாகுமா? கைக்கடிகாரத்துக்குள் ஆடும் ஊஞ்சல்

கல்யாண சீசனில் வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு வாட்ச் கடை முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும், மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க வந்த குடும்பத்தின் பேச்சு காதில் விழும். "கொஞ்சம் கூடப் போட்டு நல்லதா எடுங்க, டைம் தப்பவே தப்பாது" என்பார் மாமா. "ஆட்டோமேட்டிக்னா செல்லே மாத்த வேணாம், நிக்கவே நிக்காது" என்பான் மச்சான். இரண்டுமே தப்பு. பல லட்சம் ரூபாய் ரோலெக்ஸைவிட, இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கும் சாதாரண செல் வாட்ச் நேரத்தை ஒழுங்காகக் காட்டும். மச்சான் சொல்லும் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி பீரோவில் வைத்தால் மூன்று நான்கு நாளில் நின்றுபோயிருக்கும்.

புதிதாக ஒரு மாடல் வந்தால் டயலின் நிறம், செயினின் மினுமினுப்பு, எட்டுமுக வட்டம் என்று வெளியில் தெரிவதைப் பற்றியே பேசுகிறோம். உள்ளே எது ஆடுகிறது, நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஆயிரம் ரூபாய் கேசியோவையும் 40 லட்ச ரூபாய் டைட்டனையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

ஊஞ்சலை எண்ணினால் நேரம் தெரியும்

கூடத்தில் தொங்கும் ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஆறடிச் சங்கிலி என்றால் ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 2.7 நொடி ஆகும். உட்கார்ந்திருப்பது பாட்டியா பேத்தியா என்பதால் இது பெரிதாக மாறாது. மெல்ல ஆடினாலும் கொஞ்சம் வீசி ஆடினாலும் அநேகமாக அதே நேரம்தான். ஆகவே கையில் கடிகாரமே இல்லாவிட்டாலும், ஊஞ்சல் 22 முறை போய்வந்தால் ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

இதில் இரண்டு சிக்கல். தானாக விட்டால் ஊஞ்சல் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். யாராவது அவ்வப்போது லேசாகத் தள்ளிவிட வேண்டும். அதுவும் ஊஞ்சலின் தாளத்தைக் கெடுக்காமல், சரியான நேரத்தில் தள்ள வேண்டும். அப்புறம், எத்தனை முறை ஆடியது என்று ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும்.

உலகத்தில் உள்ள எல்லாக் கடிகாரங்களும் இந்த மூன்றும் சேர்ந்தவைதான்: ஆடும் பொருள், தள்ளும் விசை, எண்ணும் ஏற்பாடு. ஒரே கால அளவில் திரும்பத் திரும்ப ஆடும் பொருளுக்கு அலையி என்று பெயர். அது ஒரு நொடியில் எத்தனை முறை ஆடுகிறது என்பது அதிர்வெண். நாம் பார்க்கும் முள்ளும் டயலும் எண்ணிக்கையைக் காட்டும் பலகை மட்டுமே.

1656-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசலை வைத்துக் கடிகாரம் செய்தது ஏறக்குறைய இந்த ஊஞ்சல்தான். சுவரில் தொங்கும்வரை அது நன்றாக ஓடும். கையில் கட்ட முடியாது. கை சாய்ந்தால் ஊசலுக்கு எது கீழ், எது மேல் என்றே தெரியாது. 1675-ல் அதே ஹைகன்ஸ், புவியீர்ப்புக்குப் பதிலாகச் சுருள் கம்பி ஒன்றைப் பயன்படுத்திக் காட்டினார். பாக்கெட்டில் வைக்கும் கடிகாரமும், பின்னால் கைக்கடிகாரமும் ஒழுங்காக ஓடத் தொடங்கியது அந்தச் சுருளால்தான்.

சாவி கொடுக்கும் வாட்ச்

அப்பா, தாத்தா காலத்து எச்எம்டி ஜனதா பல வீடுகளில் இன்னும் இருக்கும். சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1961-ல் பெங்களூருவில் தொடங்கிய எச்எம்டி வாட்ச் தயாரிப்பு 2016-ல் முற்றாக நின்றுபோனது. தினமும் காலையில் சாவி கொடுத்தால்தான் அந்த வாட்ச் ஓடும்.

சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை சுருண்டுகொள்கிறது. இது மெயின் ஸ்பிரிங். தள்ளும் விசை இதிலிருந்து வருகிறது. பட்டை மெல்ல விரியும்போது பல்சக்கரங்கள் வழியாக விசை போகிறது. அப்படியே விட்டால் முள் சர்ரென்று சுற்றி ஒரு நிமிடத்தில் ஸ்பிரிங் தீர்ந்துவிடும். அதனால் நடுவில் ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு பல்லை விடும், பிடிக்கும், அடுத்த பல்லை விடும், பிடிக்கும். இதற்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். காதில் வைத்தால் கேட்கும் டிக் டிக், இந்தப் பூட்டு விழும் சத்தம்.

பூட்டு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வது பேலன்ஸ் வீல் என்ற குட்டிச் சக்கரம். அதன் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள், ஹேர் ஸ்பிரிங். சக்கரம் ஒரு பக்கம் திரும்பும், சுருள் இழுத்துப் பிடித்து மறுபக்கம் அனுப்பும். நம் ஊஞ்சல் இதுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் எஸ்கேப்மென்ட்டைத் தட்டி ஒரு பல்லை விடச் செய்கிறது, அதே தட்டலில் தனக்கும் ஒரு சின்னத் தள்ளலை வாங்கிக்கொள்கிறது. எண்ணுவதும் தள்ளுவதும் ஒரே இடத்தில் நடக்கிறது. முந்நூறு வருடத்துக்கும் மேலாக அடிப்படை யோசனை மாறவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பழைய ஜனதா நொடிக்கு 5 தட்டு தட்டும். இன்றைக்கு விற்கும் ஸ்பிரிங் வாட்ச்கள் பெரும்பாலும் 6 அல்லது 8. எட்டு என்றால் ஒரு நாளில் 6,91,200 தட்டு. இவ்வளவும் ஒரு சின்னச் சக்கரத்தின் வேலை; தூசு, எண்ணெய், புவியீர்ப்பு, காந்தம், கை வீச்சு எல்லாம் அதைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும். படுக்கவைத்தால் ஒரு மாதிரி ஓடும், நிமிர்த்தி வைத்தால் வேறு மாதிரி ஓடும். ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் காந்தப் பூட்டு பக்கத்தில் வைத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் திடீரென்று ஃபாஸ்ட்டாக ஓடும். சுவிட்சர்லாந்தில் கடிகாரங்களைச் சோதிக்கும் கோஸ்க் அமைப்பு ஒரு ஸ்பிரிங் மெஷினுக்குச் சான்றிதழ் தர வேண்டுமானால் அது நாளுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம், அதற்கு மேல் கூடாது. ரோலெக்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு நாளுக்கு 2 நொடி முன்பின்.

ஒரு நாளில் 86,400 நொடி. அதில் 5 நொடி தப்புவது என்றால் 99.99 சதவீதத்துக்கு மேல் சரி. வெறும் சக்கரமும் சுருளும் இதைச் செய்வது பெரிய காரியம். ஆனால் மாதக் கணக்கில் சேர்த்தால் ரோலெக்ஸே ஒரு நிமிடம் வரை தள்ளிப்போகலாம். சாதாரண ஸ்பிரிங் வாட்ச் நாளுக்கு 20 நொடி தப்பினால் மாதத்துக்கு 10 நிமிடம். காட்பாடியில் ரயிலைத் தவறவிட அது போதும்.

இதுவரை பார்த்தது: ஸ்பிரிங் தள்ளுகிறது, பேலன்ஸ் வீல் ஆடுகிறது, எஸ்கேப்மென்ட் எண்ணுகிறது. தட்டு நொடிக்கு ஐந்திலிருந்து பத்துக்குள்தான், அதனால் வெளித் தொந்தரவு சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் என்றால் நிற்காதா?

ரிப்பேர் கடைகளில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது.

"அண்ணே, செல் போயிடுச்சு போல, பாருங்க."

"இதுல செல்லே கிடையாது தம்பி. ரெண்டு நாள் கழட்டி வெச்சிருந்தீங்களா?"

ஆட்டோமேட்டிக் வாட்ச்சும் சாவி வாட்ச் குடும்பம்தான். கூடுதலாக உள்ளே அரைவட்ட வடிவில் கனமான ஒரு தகடு இருக்கும், ரோட்டார் என்பார்கள். கை அசையும்போது அது சுழன்று மெயின் ஸ்பிரிங்கைச் சுற்றிவிடும். சாவி கொடுக்கும் வேலையைக் கை செய்துவிடுகிறது, அவ்வளவுதான். கழற்றி வைத்தால் சாவி கொடுக்க ஆள் இல்லை. சாதாரண மெஷின் 40 மணி நேரம் தாங்கும்; சனிக்கிழமை காலை கழற்றினால் திங்கள் காலையில் மறுபடி நேரம் வைக்க வேண்டியதுதான். நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவர் கையில் சில சமயம் ரோட்டார் போதுமான அளவு சுழலாமலும் போகும். பல மாடல்களில் சாவியைத் திருகியும் முறுக்கேற்றலாம், அதில் தவறில்லை.

நேரத் துல்லியத்துக்கும் ரோட்டாருக்கும் சம்பந்தமில்லை. அது ஊஞ்சலைத் தள்ளுபவருக்குச் சாப்பாடு போடும் ஏற்பாடு.

குவார்ட்ஸ்: நொடிக்கு 32,768

1880-ல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் ஒன்றைக் கண்டார்கள்: குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் லேசாக மின்சாரம் பிறக்கிறது. அதன் மறுபக்கமும் உண்மை என்று விரைவிலேயே தெரிந்தது. மின்சாரம் கொடுத்தால் படிகம் வளைந்து நிமிரும். ஆக, சரியாக வெட்டிய படிகத்துக்கு ஒரு சிறு செல்லிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். செல் வாட்ச்சின் ஊஞ்சல் இந்தப் படிகம். இரண்டு கால் கொண்ட முள்கரண்டி போல வெட்டி, ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் காற்றை எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். அரிசியைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

அது நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் உண்டு. மின்னணுச் சில்லுக்குப் பாதியாக்குவது மிகச் சுலபம். 32,768-ஐப் பாதியாக்கினால் 16,384, அதைப் பாதியாக்கினால் 8,192. இப்படியே பதினைந்து முறை செய்தால் மிச்சம் சரியாக 1. நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரைத் தட்ட, நொடி முள் ஒரு கோடு தாண்டுகிறது. செல் வாட்ச்சில் நொடி முள் விட்டு விட்டுக் குதிப்பது இதனால்தான். மனிதக் காதுக்கு 20,000-க்கு மேற்பட்ட அதிர்வு கேட்காது என்பதால் படிகத்தின் சத்தமும் நமக்குத் தெரிவதில்லை.

நொடிக்கு 8 முறை தட்டும் சக்கரத்தையும் 32,768 முறை அதிரும் படிகத்தையும் ஒப்பிட்டால் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். படிகம் தேய்வதில்லை, அதற்கு எண்ணெய் வேண்டாம், கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவலையில்லை, அக்கம்பக்கத்துக் காந்தம் அதன் தாளத்தைக் கெடுக்காது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 நொடிக்குள் நிற்கும். மாதத்துக்கு, நாளுக்கு இல்லை.

1969 டிசம்பர் 25 அன்று செய்கோ ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்ரான்தான் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென். அன்றைக்கு ஏறக்குறைய ஒரு சிறிய காரின் விலை. அப்போது துல்லியம்தான் ஆடம்பரம். பிறகு சில்லுகள் மலிந்தன, பத்துப் பதினைந்து வருடத்தில் அதே துல்லியம் பிளாட்பாரக் கடைக்கு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் எத்தனையோ வாட்ச் கம்பெனிகள் மூடிப்போயின. மிஞ்சியவர்கள் நேரத்தை விற்பதை விட்டுவிட்டு வேறொன்றை விற்கக் கற்றுக்கொண்டார்கள்.

சூரிய ஒளியில் ஓடும் வாட்ச்சும் ஸ்மார்ட் வாட்ச்சும் இதே குடும்பம். சிட்டிசனின் ஈகோ-டிரைவில் டயலுக்கு அடியில் இருக்கும் தகடு வெளிச்சத்தை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்க்கிறது, ஆடுவது குவார்ட்ஸ்தான். ஸ்மார்ட் வாட்ச்சிலும் குவார்ட்ஸ். ஆனால் அடிக்கடி போனைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். போன் நெட்வொர்க்கைக் கேட்கும், நெட்வொர்க் அணுக் கடிகாரத்தைக் கேட்கும். இந்திய நேரத்தை வைத்திருப்பது புதுடில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே ஊஞ்சல் ஆடுவது சீசியம் அணு. ஒரு நொடி என்பதற்கு 1967 முதல் உள்ள இலக்கணமே அந்த அணு சார்ந்த 9,19,26,31,770 அலைவுகள்.

சுருக்கமாக, ஊஞ்சல் வேகமாக ஆட ஆட, வெளித் தொந்தரவு பாதிப்பது குறைகிறது. துல்லியத்தின் ஏணி இதுதான். விலையின் ஏணி வேறு.

வேலூர் வெயில் குவார்ட்ஸை என்ன செய்யும்?

படிகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அது சூடு. வாட்ச் படிகங்கள் 25 டிகிரி பக்கத்தில் சரியாக ஓடும்படி வெட்டப்படுகின்றன. அதைவிடக் குளிர்ந்தாலும் சூடேறினாலும் மெதுவாகும், எந்தப் பக்கம் போனாலும் ஸ்லோதான். விலகல் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும்.

நமக்குக் குளிர் பிரச்சினை இல்லை. மே மாத வேலூரில் 42 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூட்டிலேயே ஒரு வாட்ச் நாள் முழுக்கக் கிடந்தால் ஏறக்குறைய 0.9 நொடி பின்தங்கும். வண்டி டிக்கியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினால் உள்ளே 60 டிகிரி வரை ஏறலாம். அந்தக் கணக்கில் நாளுக்கு மூன்றரை நொடி. ராத்திரி சூடு இறங்குவதால் உண்மைப் பிழை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் டிக்கியில் போடும் பழக்கத்தைச் செல்லுக்காகவும், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்காகவும் விட்டுவிடுவது நல்லது. வாட்ச்சுக்கு மிகச் சிறந்த இடம் கைதான். தோலின் சூடு படிகத்தைப் பெரும்பாலும் 30 டிகிரி ஒட்டியே வைத்திருக்கும்.

சில உயர்தர குவார்ட்ஸ் வாட்ச்களில் உள்ளேயே சூட்டை அளந்து பிழையைக் கழித்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. சிட்டிசன் 2019-ல் வெளியிட்ட காலிபர் 0100 இன்னும் ஒரு படி மேலே போய்ப் படிகத்தையே மாற்றியது. நொடிக்கு 83,88,608 முறை அதிரும் படிகம், வருடத்துக்கு ஒரே ஒரு நொடி முன்பின். பாதியாக்கிப் பார்க்க ஆசையிருந்தால், இருபத்துமூன்று முறை.

ஒரே முகம், இரண்டு நெஞ்சு

இனி புது வாட்ச்களைப் பார்ப்போம். நான் சொல்ல வந்ததை வேறெதைவிடவும் நன்றாகக் காட்டும் மாடல் டிஸ்ஸோ பிஆர்எக்ஸ். 1978 மாடல் ஒன்றின் வடிவத்தை எடுத்து 2021-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். உடம்பும் செயினும் ஒரே வார்ப்பு போல இழையும் வடிவம், பட்டையான ஓரங்கள். இதையே குவார்ட்ஸாகவும் விற்கிறார்கள், பவர்மேட்டிக் 80 என்ற ஆட்டோமேட்டிக்காகவும் விற்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஆட்டோமேட்டிக்கின் விலை கணிசமாக அதிகம், நேரம் காட்டுவதில் குவார்ட்ஸ்தான் மேல். பெயரில் உள்ள 80 என்பது 80 மணி நேரம் நிற்காமல் ஓடும் என்பதைக் குறிக்கும். அதற்காக நொடிக்கு 8 தட்டு தட்டிய பழைய மெஷினை 6 தட்டாகக் குறைத்தார்கள். மெல்ல ஆடினால் ஸ்பிரிங் மெல்லத் தீரும். எல்லா இன்ஜினியரிங்கும் இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான்.

ஸ்வாட்ச்சும் ஒமேகாவும் சேர்ந்து 2022 மார்ச்சில் இறக்கிய மூன்ஸ்வாட்ச் இன்னும் வேடிக்கையானது. நிலாவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் அதே முகம், 11 நிறங்களில், 260 டாலருக்கு. பல நாடுகளில் கடை முன்னால் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. உடம்பு பயோசெராமிக் என்ற கலவை. மூன்றில் இரண்டு பங்கு பீங்கான், மீதி ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த பிளாஸ்டிக். உள்ளே குவார்ட்ஸ். அசல் ஸ்பீட்மாஸ்டர் சாவி கொடுக்கும் வாட்ச். ஆக, நகல் அசலைவிடச் சரியாக நேரம் காட்டுகிறது. அசலை வாங்கியவர்கள் யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நேர்மாறான கதை கேசியோவுடையது. மின்னணு வாட்ச் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது கேசியோ. 1989-ல் வந்த எஃப்-91டபிள்யூ இன்றும் கல்லூரிப் பையன்கள் கையில் இருக்கிறது. ஒரு செல் ஏழு வருடம் தாங்கும். 2019-ல் வந்த எட்டுமுக ஜி-ஷாக் ஜிஏ-2100 அதன் 11.8 மில்லிமீட்டர் ஒல்லிக்காகவே புகழ்பெற்றது. அந்த எட்டுமுகம், வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்து ஆடெமார் பிகே கம்பெனி 1972-ல் வெளியிட்ட ராயல் ஓக் வாட்ச்சை நினைவூட்டியதால் ரசிகர்கள் அதற்குக் கேசியோக் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதே கேசியோ 2025-ல் தன் முதல் ஸ்பிரிங் வாட்ச்சான எடிஃபிஸ் ஈஎஃப்கே-100-ஐக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் என்எச்35 மெஷின் செய்கோ குழுமத்தில் செய்தது. நாளுக்குச் சில பத்து நொடி தப்பக்கூடிய மெஷின் அது. குவார்ட்ஸில் கொடிகட்டிப் பறந்தவர்களே ஸ்பிரிங்குக்கு வருகிறார்கள் என்றால், வாங்குபவர்கள் தேடுவது துல்லியத்தை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆடம்பரத் தட்டில் 2025-ல் அதிகம் பேசப்பட்டது ரோலெக்ஸ் லேண்ட்-டுவெல்லர். தேன்கூடு போன்ற டயலைத்தான் எல்லோரும் படம் பிடித்தார்கள். உண்மையான புதுமை உள்ளே, டைனாபல்ஸ் என்ற புது எஸ்கேப்மென்ட்டில் இருக்கிறது. சிலிக்கானில் செய்த சக்கரங்கள், நொடிக்கு 10 தட்டு, ஆனாலும் 66 மணி நேரம் ஓடும். பிஆர்எக்ஸ் ஆட்டத்தைக் குறைத்து நேரத்தை நீட்டியது. இங்கே ஆட்டத்தைக் கூட்டியும் ஓடும் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை, காரணம் விசை வீணாவதைக் குறைத்தார்கள்.

கிராண்ட் செய்கோ வேறு வழியில் போகிறது. 1999-ல் வந்த ஸ்பிரிங் டிரைவில் தள்ளும் விசை மெயின் ஸ்பிரிங், தாளம் சொல்வது குவார்ட்ஸ். ஸ்பிரிங் சுழற்றும் ஒரு சக்கரமே துளி மின்சாரத்தையும் உண்டாக்க, அதில் படிகம் அதிர்ந்து, சக்கரத்தை நொடிக்குச் சரியாக 8 சுற்றில் காந்தத்தால் பிடித்து வைக்கிறது. செல் கிடையாது. நொடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், பார்க்கவே ஒரு சுகம். 2025-ல் வந்த யுஎஃப்ஏ மாடல் வருடத்துக்கு 20 நொடிக்குள் நிற்கும். விலையும் துல்லியமும் கைகோக்கும் அரிய இடம் இது.

அப்படியானால் காசு எங்கே போகிறது?

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர். தமிழ்நாடு அரசின் டிட்கோவோடு டாடா குழுமம் 1984-ல் தொடங்கிய டைட்டனின் ஆலை அங்கேதான். 2002-ல் அவர்கள் கொண்டுவந்த எட்ஜ் மொத்தம் 3.5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே மெஷின் மட்டும் 1.15 மில்லிமீட்டர். குவார்ட்ஸ்தான். இங்கே காசு போனது ஒல்லிக்கு.

2025-ல் அதே டைட்டன் நெபுலா ஜல்சா என்று ஒன்றை வெளியிட்டது. பத்தே பத்து வாட்ச், ஒன்று சுமார் 40 லட்சம் ரூபாய். தங்க உடம்பு, டயலில் கையால் தீட்டிய ஜெய்ப்பூர் ஹவா மஹால், உள்ளே டூர்பியோன். டூர்பியோன் என்பது பேலன்ஸ் வீலையும் எஸ்கேப்மென்ட்டையும் ஒரு கூண்டில் வைத்து அந்தக் கூண்டையே மெல்லச் சுழற்றும் ஏற்பாடு. 1801-ல் பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் பாரிசில் காப்புரிமை பெற்றது. அன்றைய பாக்கெட் வாட்ச் நாள் முழுக்க நிமிர்ந்தே நிற்கும், புவியீர்ப்பு ஒரே பக்கம் இழுத்துப் பிழை சேரும். கூண்டு சுழன்றால் பிழை எல்லாப் பக்கமும் பரவி ஒன்றையொன்று கழித்துவிடும். கையில் கட்டிய வாட்ச் தானாகவே எல்லாப் பக்கமும் திரும்புகிறது, ஆகவே இன்று அதற்குப் பெரிய தேவை இல்லை. வாங்குபவர் காசு கொடுப்பது அந்தக் கூண்டைக் கையால் கோத்தவரின் திறமைக்கும், அது சுழலும் அழகுக்கும், உலகத்தில் ஒன்பது பேரிடம் மட்டுமே வேறு இருக்கிறது என்ற பெருமைக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பட்டுப்புடவையை யாரும் குளிரைத் தடுக்கிறதா என்று பார்த்து எடுப்பதில்லை. ஆனால் கடைக்காரர் "டைம் பக்காவா காட்டும் சார்" என்று சொல்லி விலையை ஏற்றும்போது மட்டும் சிரித்துக்கொள்ளலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் நொடி முள். நொடிக்கு ஒரு முறை குதித்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ். நொடிக்குள் பல சிறு தாவல்களாக ஊர்ந்தால் ஸ்பிரிங். பின்மூடி கண்ணாடியாக இருந்து உள்ளே அரைவட்டத் தகடு ஆடினால் ஆட்டோமேட்டிக். வாங்கிய பின் ஒரு நாள் போன் நேரத்தோடு நொடி வரை சரியாக வைத்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டு ஏழால் வகுத்தால் உங்கள் வாட்ச்சின் நாள் பிழை கிடைத்துவிடும். ஸ்பிரிங் வாட்ச்சில் அந்தப் பிழையை ரிப்பேர் தெரிந்தவர் ஓரளவு குறைத்துத் தருவார். சில வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, கழுவி, எண்ணெய் போடும் செலவும் அதற்கு உண்டு. விலை உயர்ந்த வாட்ச் என்றால் அந்தச் செலவில் நல்ல குவார்ட்ஸ் வாட்ச்கள் சிலவற்றை வாங்கலாம்.

நர்சிங் படிக்கும் பிள்ளைக்கு வாங்குபவர்கள் துல்லியத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். நாளுக்கு 20 நொடி தப்பும் வாட்ச்கூட ஒரு நிமிட நாடிக் கணக்கில் செய்யும் பிழை நொடியில் எழுபதில் ஒரு பங்குதான். வெள்ளை டயல், தெளிவான எண்கள், தூரத்திலிருந்தே தெரியும் நொடி முள், கை கழுவினால் கெடாத உடம்பு, இவை போதும். ரயிலும் பஸ்ஸும் பிடிப்பவருக்குக் குவார்ட்ஸ். மாப்பிள்ளைக்கு எது வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஆட்டோமேட்டிக் என்றால் சாவி கொடுக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ராப் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோலுக்குப் பேர்போன ஊர்கள், அதனால் தோல் வார் மேல் நமக்கு ஒரு பாசம் இருப்பது நியாயம். ஆனாலும் சித்திரை, வைகாசியில் அதைக் கட்டாதீர்கள். வியர்வையில் ஊறி நாறும், தையல் விட்டுப்போகும். அந்த இரண்டு மாதம் செயினோ ரப்பரோ போட்டுக்கொண்டு, தோலை ஆனியில் வெளியே எடுங்கள்.